மூலை மெத்தை

செயற்கைப் புல் விரிப்பு ஈரமானால் எவ்வளவு கனக்கும் என்பது அதைச் சுருட்டியவனுக்குத்தான் தெரியும். பார்வைக்குக் கம்பளம், தூக்கிப் பார்த்தால் செத்த மாடு. ஆர்டன் சிட்டி பேலர்ஸ் அணி உயிரோடு இருந்த ஏழு வருடமும் அதை விரித்தவன் நான், சுருட்டியவனும் நான். இன்றைக்கும் குனிந்து காலணி கட்டினால் இடுப்பு அதை ஞாபகப்படுத்துகிறது.

ஒலிப்பதிவை ஓடவிட்டுவிட்டாய் அல்லவா, கர்ட்? நல்லது. மார்க்கெல் டோலிவர் விஷயமாகப் பேச வந்திருக்கிறேன் என்று வாசலில் சொன்னேன். இந்த ஆள் என்ன விரிப்புக் கதை அளக்கிறான் என்று உன் முகம் கேட்கிறது. அணியின் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. உனக்கு ஓரளவு தெரியும். இன்றைக்கு நீ மாவட்டக் காவலில் துணை ஷெரிஃப், ஆனால் அன்றைக்கு எங்கள் ஆட்டங்களில் வைக்கோல் கட்டு வேஷம் போட்டுக்கொண்டு, இரண்டு ஓட்டை வழியாகப் பார்த்தபடி, படிக்கட்டில் தடுக்கி விழுந்து ஜனங்களைச் சிரிக்க வைத்தவன். இந்தப் பதிவைக் கேட்கப்போகிற வக்கீல்கள் ஒருவரும் எங்கள் ஆட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நேரமும் அதிகமில்லை. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை மார்க்கெலைக் கூட்டிப்போக வண்டி வருகிறது.

பேலர்ஸ் என்றால் வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கட்டுகிறவர்கள். மற்ற ஊர் அணிகளெல்லாம் ஓநாய், இடி, புயல் என்று பெயர் வைத்துக்கொண்டு வரும். எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் வைக்கோல் கட்டாத கை கிடையாது, அதனால் எங்களுக்கு வெட்கமில்லை. பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தால் டிராக்டர் ஹாரன் அலறும். எதிரணிக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

கண்காட்சித் திடலில் ஒரே ஓர் அரங்கம். மாட்டுச் சந்தையும் அதற்குள்தான், ஐஸ் ஹாக்கியும் அதற்குள்தான். ஹாக்கி முடிந்ததும் பனித்தளத்தின் மேல் பலகை அடுக்கி, பலகை மேல் விரிப்பு போட்டு, சுற்றுச்சுவரில் மெத்தைகளை மாட்டினால் கால்பந்து அரங்கம் தயார். முதல் ஆட்டத்தன்று அடியிலிருந்த பனி கசிந்து விரிப்பு ஊறிப்போய், இரண்டு அணிக்காரர்களும் வெண்ணெயில் நடப்பது போல வழுக்கினார்கள். யார் ஜெயித்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் மறுவாரம் இடம் கிடைக்காமல் ஜனம் வெளியே நின்றது.

வெளி மைதானத்தில் ஆடுகிற கால்பந்துக்கு நூறு கஜம், பக்கத்துக்குப் பதினோரு பேர். எங்களுக்கு ஐம்பது கஜம், எட்டுப் பேர். அங்கே ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், தாண்டினால் ஆட்டம் நிற்கும். எங்களுக்குக் கோடு கிடையாது, சுவர்தான். நெஞ்சளவுச் சுவர். இந்தப் பக்கம் வீரர்கள். அந்தப் பக்கம் முதல் வரிசையில் சில்லிக் குழம்புக் கிண்ணமும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளுமாக எங்கள் ஜனம். முழு வேகத்தில் ஓடி வருகிறவன் சுவரில் மோதித்தான் நிற்பான். சில சமயம் நிற்காமல் யாராவது ஒருவர் மடியில் போய் விழுவான். கூட்டத்துக்குள் விழுந்த பந்து எடுத்தவருக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டாம். பெரிய அணிகளின் வீரர்களைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். எங்கள் வீரனுடைய வியர்வை உன் சில்லியிலேயே சொட்டும். இதற்காகத்தான் வந்தார்கள்.

அந்தச் சுவருக்கும் அந்த வேகத்துக்கும் நடுவில் இருந்தது நான் மாட்டிய மெத்தை. நுரைப் பஞ்சு, மேலே ரெக்சின் உறை, பின்னால் கொக்கி. ஆட்டத்துக்கு முன் சுவரைச் சுற்றி நடந்து ஒவ்வொரு மெத்தையிலும் ஒரு குத்து குத்துவேன். நடுவர்தான் பார்க்க வேண்டும் என்று விதி. எந்த நடுவரும் பார்த்ததில்லை. "லைல் குத்தியாச்சா?" என்று கேட்பார்கள். குத்தியாச்சு என்றால் ஊதலை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அதை நான் கேட்டு வாங்கவில்லை. அவர்களாகக் கொடுத்தார்கள்.

அணியின் முதலாளி ட்ரெண்ட் ஹாஸ்கெல். பழைய டிராக்டர் வாங்கி வண்ணமடித்து விற்கிறவன். அணியையும் அப்படித்தான் நடத்தினான். ஏழு வருடத்தில் நாலு லீக் மாறினோம், ஏனென்றால் எந்த லீக்கும் நிலைத்து நிற்காது. ஒன்று பருவத்தின் நடுவிலேயே படுத்துவிட்டது. எங்களோடு ஆட வந்துகொண்டிருந்த அணியின் பேருந்து பாதி வழியில் திரும்பிப் போனது. அரங்கம் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாதிப் பேர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அதற்கு முன்பும் பின்பும் இந்த ஊரை நான் அவ்வளவு நேசித்ததில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் இனிமேல்தான்.

ஆர்டன் சிட்டியை விட்டு எல்லோரும் போகிறார்கள். இறைச்சித் தொழிற்சாலை போனது. ரயில் போனது. என் மகள் படிக்கப் போகிறேன் என்று போனாள், படிப்பு முடிந்து பல வருடமாகிறது, கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை வருகிறது. வீரர்களும் அப்படித்தான். ஒரு பருவம், இரண்டு பருவம் இங்கே தேறி, கொஞ்சம் பெயர் வந்ததும் ஏறிய ஏணியை எட்டி உதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போகும்போது கட்டிப்பிடிப்பார்கள். கண்ணில் நீர்கூட வரும். மறு மாதம் தொலைபேசி எண்ணை மாற்றிவிடுவார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

வீரர்களுக்குத் தங்க விடுதி இல்லாததால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொருவரை வீட்டில் வைத்துக்கொள்வோம். அணி தொடங்கி ஐந்தாவது வருடம் எங்கள் வீட்டு நிலவறை அறைக்கு மார்க்கெல் வந்தான். அலபாமாக்காரன். நெட்டையாக, ஒல்லியாக, கையில் ஒரே ஒரு பையோடு நின்றான். என் மனைவி ஆர்லீன் கதவைத் திறந்ததுமே, "என்னடா தம்பி, உங்க ஊர்ல சோறே போட மாட்டாங்களா?" என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் அவள் அங்கேயே விழுந்துவிட்டாள்.

அவன் ஊர் வழக்கப்படி எங்களை மிஸ்டர் லைல், மிஸ் ஆர்லீன் என்றுதான் கூப்பிடுவான். கூரைத் தகரத்தில் அடைத்திருந்த இலைகளைச் சொல்லாமலே ஏறிச் சுத்தம் செய்தான். என் மகள் அறையில் இருந்த பழைய விளக்கைச் சரிசெய்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்லீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாட்டுக்கு ஒத்துப் பாடினான். ஆட்டத்தில் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. பந்தைப் பிடித்தால் அவன் போவது ஒரே இடத்துக்குத்தான், கிழக்கு மூலைக்கு. ஏனென்றால் ஆர்லீன் அங்கே முதல் வரிசையில் உட்காருவாள். டச்டவுன் கோட்டைத் தாண்டிய பிறகும் வேகத்தைக் குறைக்க மாட்டான். சுவர் இருக்கிறது என்ற தைரியம். இடது தோளைக் கொடுத்து மெத்தையில் மோதி, எம்பி, பந்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் போவான். எங்கள் வீட்டு வரவேற்பறை முழுக்கப் பந்துகள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் நான் குத்திக்கொண்டு போகும்போது பின்னாலேயே வருவான்.

"சுவர் எப்படி இருக்கு மிஸ்டர் லைல்?"

"உங்க அம்மா மடி மாதிரி இருக்கு, போ."

இது எங்களுக்குள் ஒரு வழக்கம். முதல் நாள் விளையாட்டாகச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது.

ஊர் அவனுக்காகத்தான் வந்தது, கர்ட். உனக்கே தெரியும். கடைசி வருடம் ஹாஸ்கெல் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பையன் இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கடை ஓடும் லைல். அவன் போனா மறுநாளே ஷட்டர்" என்றான். மறைக்காமல் சொன்னான், அந்த ஒன்றில் அவன் யோக்கியன். அதனால் மே மாதம் ஒரு காலை, ஆர்லீன் தோசைக்கல்லில் பான்கேக் வார்த்துக்கொண்டிருக்க, மார்க்கெல் மேஜையில் உட்கார்ந்து சொன்னபோது, போவது ஒருவன் இல்லை, முழு ஊரும் என்று எனக்குப் பட்டது.

"கனடாலேர்ந்து கூப்பிட்டாங்க மிஸ்டர் லைல். பெரிய அணி. ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் கிளம்பி வான்னு சொல்றாங்க."

"ஞாயிறு ஆட்டம் முடிஞ்சா? அதுக்கப்புறம் இங்க மூணு ஆட்டம் இருக்கே" என்றேன்.

"அவங்க காத்திருக்க மாட்டாங்களாம்." சிரித்தான். முகமெல்லாம் அந்தச் சிரிப்பு. "நான் போறேன், மிஸ்டர் லைல். நெஜமாவே போறேன்."

ஆர்லீன் கரண்டியைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. நான் பாகுக் குப்பியை எடுத்து அவன் பக்கம் தள்ளி வைத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் உப்பைத் தின்றவன், எங்கள் மேஜையில் உட்கார்ந்து, எங்கள் பாகை ஊற்றிக்கொண்டே போகிறேன் என்கிறான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். நான் வாழ்த்துச் சொன்னேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது.

கோபமா என்று கேட்கிறாய். ஆமாம், கோபம்தான். ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. கத்துகிறவர்கள் யோசிக்க மாட்டார்கள். நான் அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

நான் விரும்பியது ஒரு தோள்பட்டை மட்டும். இதை வக்கீல்கள் நன்றாகக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். காறை எலும்பு உடைந்தால் சில வாரத்தில் கூடிவிடும். கோதுமை அறுப்பில் நானே இரண்டு முறை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கனடாக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள், அவனே சொன்னான். வேறு எவனையாவது எடுத்துக்கொள்வார்கள். இவன் கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் நிலவறையில் இருப்பான். ஆர்லீன் கோழி சூப் வைத்துக் கொடுப்பாள். அடுத்த வருடம் மறுபடி ஆடுவான், இங்கேயே. கொஞ்ச நாளில் இங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொள்வான். தேவாலயத்தில் உன் அத்தை மகள் அவனைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் நல்லது. அவனுக்குத்தான் முதலில் நல்லது. கனடாவில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

கிழக்கு மூலையில்தான் பனித்தளத்தைத் தேய்க்கிற வண்டி உள்ளே வரும் கதவு. அந்தக் கதவின் இரும்புத் தாழ் சுவரை விட்டு நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அங்கே மட்டும் இரண்டு மடங்கு பருமனில் ஒரு மெத்தை செய்து வைத்திருந்தேன், என் கையாலேயே தைத்தது. சனிக்கிழமை பகலில் அந்த மெத்தையின் உறையைப் பிரித்து, தாழ் இருக்கிற இடத்துப் பஞ்சை மட்டும் எடுத்தேன். வெறுமனே விட்டால் உறை தொங்கும், கண்ணுக்குத் தெரியும். மாட்டுச் சந்தைக்காக அடுக்கியிருந்த கட்டுகளிலிருந்து வைக்கோலை உருவி இறுக்கி அடைத்தேன். வைக்கோல் உப்பலாக நிற்கும், எதையும் தாங்காது. திரும்பத் தைத்து மாட்டினேன். என் தையலில் பழையது எது புதியது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல் குத்திக்கொண்டே வந்தேன். வழக்கம்போல் அவனும் பின்னால் வந்தான். கடைசி ஆட்டம் என்பதால் ஒவ்வொரு மெத்தையையும் தானும் ஒரு தட்டு தட்டிக்கொண்டு வந்தான். கிழக்கு மூலை வந்தது. குத்தினேன். சத்தம் கொஞ்சம் மட்டமாகத்தான் வந்தது. அவனுக்கு அது தெரியாது.

"சுவர் எப்படி இருக்கு மிஸ்டர் லைல்?"

"உங்க அம்மா மடி மாதிரி இருக்கு, போ" என்றேன்.

அவன் என்னைக் கட்டிக்கொண்டான். "உங்க மெத்தை மாதிரி அங்க எவன் போடப்போறான்" என்றான். அந்த நிமிடத்தில் மனம் மாறியிருக்கலாமே என்று நீ நினைக்கிறாய். நான் அவன் முதுகைத் தட்டினேன். அப்படியானால் போகாமல் இருக்க வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தேவைக்கு மேல் இரக்கப்பட்டுவிட்டேன். ஆர்லீன் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டால் அவளால் தாங்க முடியாது. ஆட்டம் முடியப்போகிற நேரம், நாங்கள் பின்தங்கியிருந்தோம், எல்லோருக்கும் தெரியும் பந்து அவனுக்குத்தான் போகும் என்று. நான் அவள் இருக்கைக்குப் போய், "ஒரு ரொட்டிச் சுருள் வாங்கிட்டு வாயேன், காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்றேன். "இப்பவா? கடைசி நேரத்துலயா?" என்றாள். "தலை சுத்துது ஆர்லீன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடினாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

பந்து அவனுக்குத்தான் போனது. பிடித்தான். இரண்டு பேரைச் சுற்றிவிட்டு ஓடினான். கோட்டைத் தாண்டினான், டிராக்டர் ஹாரன் அலறியது, ஜனம் எழுந்து நின்றது. வேகத்தைக் குறைக்கவில்லை. ஆனால் இடது தோளைத் திருப்பவும் இல்லை. அவன் ஆர்லீனைத் தேடினான். காலி நாற்காலியைப் பார்த்து, அவள் எங்கே என்று தலையைத் திருப்பி வரிசையில் தேடிக்கொண்டே வந்தான். அவன் வழக்கமாகச் செய்வதைச் செய்திருந்தால் தோளோடு போயிருக்கும். கடைசி அடியில் குனிந்தான், தோள் திரும்பும் முன் தலையோடு போய் மோதினான்.

பந்து எகிறி, ஆர்லீனுடைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் ரொட்டிச் சுருளோடு திரும்பி வந்து பந்தைப் பார்த்தாள். எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எங்க நம்ம பையன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்போதுதான் அரங்கத்தில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தாள்.

எல்லோரும் தூக்குப்படுக்கையோடு வாசலுக்குப் போனார்கள். நான் மெத்தைகளைக் கழற்றினேன், ஆட்டம் முடிந்ததும் எப்போதும் செய்கிற வேலைதான். அழுதுகொண்டேதான் கழற்றினேன். அந்த அழுகை பொய்யில்லை. வைக்கோலை மாட்டுக் கொட்டிலில் கொட்டிவிட்டுப் பஞ்சைத் திரும்ப வைத்துத் தைத்தேன். பிறகு விசாரிக்க வந்தவர்கள் மற்ற மெத்தைகளில் இருந்த ஒட்டுத் துணியையும் கிழிசலையும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஹாஸ்கெல் புது மெத்தை வாங்கித் தராத கஞ்சன் என்பதை நான்தான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். பழி அவன் தலையில் விழுந்தது. காப்பீடு கைவிட்டது, லீக் விலக்கிவிட்டது, மீதி மூன்று ஆட்டங்கள் நடக்கவே இல்லை. ஹாஸ்கெல் கடையை விற்றுவிட்டு அரிசோனா போய்விட்டான். பேலர்ஸ் அணியின் வரலாறு அவ்வளவுதான். கடைசியாக அடித்த டச்டவுன் அவனுடையது.

இத்தனை வருடமாக இந்த ஊர் என்ன நம்புகிறது தெரியுமா? லைல் சிக்கோரா மாட்டிய மெத்தை தானாகவே நைந்துபோய் ஒரு பையனைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டது என்று நம்புகிறது. மளிகைக் கடையில் என் தோளைத் தட்டி, "உங்க மேல தப்பில்ல லைல், அந்தக் கஞ்சன் குடுத்த சாமான் அப்படி" என்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். என் மெத்தை ஒன்றுகூடத் தானாகக் கெட்டதில்லை, கர்ட். இதையும் பதிவில் வைத்துக்கொள்.

ஆர்லீன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதையும் உடனே கேட்கவில்லை. அந்த வருடக் குளிர்காலத்தில், பந்துகளையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்க்காமலே, "அன்னிக்கு உனக்குத் தலை சுத்தவே இல்ல, இல்லையா லைல்?" என்றாள். நான் இன்னொரு பந்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எழுந்து, என் மூச்சு படாத இடம் வேண்டும் என்பது போல அடுத்த அறைக்குப் போனாள். வசந்தத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அவளும் போய்விட்டாள், பார்த்தாயா? யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

மார்க்கெல் மட்டும் இருந்தான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. தாய் படுத்த படுக்கை, அக்கா யோலாண்டா அப்போது கைக்குழந்தைக்காரி, அவனை வைத்துப் பார்க்க அலபாமாவில் ஆளில்லை. இங்கேயே பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். ஒரு ஞாயிறும் தவறியதில்லை, பனிப்புயலில்கூட. சில்லியை ஆற்றி ஸ்பூனில் எடுத்து ஊட்டுவேன். ரொட்டிச் சுருளைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுப்பேன். முகம் மழித்துவிடுவேன். பழைய ஆட்டங்களைப் பேசுவோம். சட்டையைத் திருப்பிப் போட்டு ஆடிய அந்த நாளைச் சொல்லச் சொல்லிக் கேட்பான், அவன் வருவதற்கு முன்னால் நடந்தது அது. "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன் மிஸ்டர் லைல்" என்பான். அவன் வாயிலிருந்தே வந்தது. தாதிகளைக் கேட்டுப்பார்.

போன ஞாயிறு போனேன். அறையில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். குழந்தைகள் வளர்ந்துவிட்டார்களாம். அவளே தாதி வேலைதான் பார்க்கிறாளாம். வீட்டு வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை கட்டியாகிவிட்டதாம். மார்க்கெல் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நான் போறேன், மிஸ்டர் லைல். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போறேன். நெஜமாவே போறேன்."

அதே சிரிப்பு. பான்கேக் மேஜையில் சிரித்த அதே சிரிப்பு. இத்தனை வருடம் ஊட்டிய கை இது. என் கையில் சில்லிக் கிண்ணம் இருந்தது. அதைக் கீழே வைத்தேன், சிந்தாமல்தான் வைத்தேன்.

"அவனுக்கு இங்க எல்லாரையும் தெரியும். அங்க யாரத் தெரியும்? அவன் எங்க ஊர்ப் பையன்" என்று அவளிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மிஸ்டர் சிக்கோரா, நீங்க செஞ்சதுக்கெல்லாம் நன்றி. ஆனா இவன் என் தம்பி. உங்க ஊர்ச் சொத்து இல்ல" என்றாள்.

என்ன திமிர் பார். வந்து உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் சொத்துக் கணக்குப் பேசுகிறாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். நான் கத்துகிற ஆள் இல்லை என்று சொன்னேனே.

அதனால்தான் வந்திருக்கிறேன். எனக்கு மனசாட்சி குத்தியது என்று எழுதிவிடாதே, அது பொய். எனக்கு வக்கீல் வேண்டாம். மெத்தையைப் பிரித்தவன் நான், தாழ் இருக்கிற இடத்துப் பஞ்சை எடுத்தவன் நான், அம்மா மடி என்று சொன்னவன் நான். இன்றைக்கே வழக்குப் பதிவு செய்துவிடு. நீதிபதி ஆட்களை அனுப்பி விசாரிக்கட்டும். எவ்வளவு காலம் எடுத்தாலும் பரவாயில்லை, மேல்முறையீடும் செய்கிறேன். ஆனால் ஒரு வழக்கு நடக்கும்போது பாதிக்கப்பட்டவன்தான் முதல் சாட்சி. அவனை மாநிலம் தாண்டி அனுப்பக் கூடாது, இல்லையா? நீ சட்டம் படித்தவன், சொல். அந்த அக்காவிடம் நீயே தொலைபேசியில் சொல்லிவிடு, வண்டி வேண்டாம் என்று.

ஏன் தலையை ஆட்டுகிறாய்? ஒலிப்பதிவை ஏன் நிறுத்துகிறாய்? அவன் வாக்குமூலத்தை அங்கிருந்தே வாங்கிக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம்? முடியாது. அவன் இங்கேதான் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு யார் ஊட்டுவது என்பதை மட்டும் ஏற்பாடு செய். சில்லி சூடாக இருக்கக் கூடாது. ரொட்டியைச் சின்னதாகப் பிய்க்க வேண்டும். பேலர்ஸ் சட்டை போட்ட அத்தனை பேரும் போய்விட்டார்கள், கர்ட், அவன் ஒருவன்தான் எங்களோடு இருந்தான். அவனுக்கு இந்த ஊர் பிடிக்கும்.